கழிநீர் போம் வழி

மணிமேகலையின் 28-ஆம் காதையில் வஞ்சிமாநகரின் அகழி பேசப்படுகின்றது. மனைகளில் மகளிர் கூந்தல் கழுவிய நறுநீர், சுருங்கை எனப்படும் மறைவான தூம்புகளின் வழியே சென்று அகழியிற் கலப்ப, அங்குள்ள மீன்களும் தம் புலவு நீங்கி மணந்தன என்கின்றார் சாத்தனார். மீன் மணந்தது புலவரின் புனைந்துரையாகுக. வீட்டில் வழங்கிய நீர் தெருவில் நில்லாது, தனக்கென அமைந்த வழியே சென்று ஓரிடஞ் சேர்தல் வேண்டும் என்னும் கருத்தோ புனைந்துரையன்று.

நெய்வேலியைச் சூழ்ந்த சிற்றூர்களை நினைக்குந்தோறும் இக்காதை எம் நெஞ்சில் எழுகின்றது. நீரின் வலியை நெய்வேலி அறிந்த அளவு வேறோர் ஊர் அறிந்திருத்தல் அரிது. பழுப்பு நிலக்கரிப் படுகையின் கீழே அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தாலன்றி அங்குச் சுரங்கம் நிலைபெறாது. இறைத்த நீர் வயல்களுக்கும் வாலாஜா ஏரிக்கும் செல்கின்றது. ஆழத்திலிருந்து வரும் நீருக்கு இத்துணை ஏற்பாடு உளது. அடுக்களையிலிருந்து வரும் நீருக்கு?

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம், சிற்றூரில் ஆளொருவர்க்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என அளவு வகுத்தது. வழங்கும் நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு கழிநீராகத் திரும்பும் என்பது பொறியாளர் கணக்கு. எனவே 1,000 பேர் வாழும் ஊரில் நாடோறும் 44,000 லிட்டர். குடத்திற் சுமந்த காலத்து அவரைப் பந்தலுக்கும் போதாதிருந்த நீர், குழாய் வந்தபின் தெருவில் தேங்குகின்றது. கொசு வளர்கின்றது, குளம் பாழாகின்றது. மேலைத்தெருவின் கழிநீர் தாழ்ந்த நிலம் நோக்கியே ஓடும். அத்தாழ்ந்த நிலத்திற் குடியிருப்போர் பெரும்பாலும் எவர் என்பதை நம் நாட்டு ஊரமைப்பு அறிந்தார்க்கு யாம் கூற வேண்டுவதில்லை. தேங்கிய சாக்கடையை அள்ள அழைக்கப்படுவோரும் அவரே. ஆதலின் இதனை யாம் நீதி பற்றிய வழக்காகவே கொள்கின்றோம்.

பெருநகர்களிலுள்ளன போன்ற எந்திர நிலையங்கள் வேண்டுமென்பார் சிலர். 1914-இல் மாஞ்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் வெளியிட்ட முறையே அவற்றிற் பலவற்றுக்கு அடிப்படை. கழிநீரில் இடைவிடாது காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்கள் அழுக்கை உண்ணுமாறு செய்தலே அம்முறை. நன்றே. ஆயின் காற்றைச் செலுத்த மின்சாரம் வேண்டும். பழுதாயின் திருத்த ஆள் வேண்டும். மின்சாரம் பிறக்கும் நெய்வேலிக்கு அண்மையிலிருந்தும், சிற்றூராட்சிக்கு மின்கட்டணம் மின்கட்டணமே! எந்திரம் நின்றால் அந்நிலையம் மற்றொரு சாக்கடையாம்.

யாம் விரும்புவன உறிஞ்சுகுழியும் வேர்ப்படுகையும். புறக்கடையில் குழி தோண்டிச் செங்கற்றுண்டும் சல்லியும் இட்டு, குளித்த நீரையும் பாத்திரங் கழுவிய நீரையும் அதில் விடலாம். எண்ணெய்ப் பசையும் சோற்றுப் பருக்கையும் முன்னரே தங்குதற்கு ஒரு சிறு தொட்டி வேண்டும். மலக்கழிநீரை இதில் விடலாகாது. குடிநீர்க் கிணற்றை ஒட்டித் தோண்டலும் ஆகாது. களிமண் நிலத்தில் இக்குழி பயன்படாது. அங்கே ஊர்க்கோடியிற் சரளை பரப்பிச் சம்பும் கல்வாழையும் நட்டுக் கழிநீரை மெல்லக் கடத்தினால், வேர்களைச் சூழ்ந்த நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும். புதுவைக்கு அண்மையிலுள்ள ஆரோவிலில் இத்தகைய படுகைகள் உள. தெளிந்த நீர் தென்னைக்கு ஆம்; குடித்தற்கு ஆகாது.

இவற்றிற்கும் பேணுதல் உண்டு. தொட்டியை வழித்தல் வேண்டும். முற்றிய செடியை அறுத்தல் வேண்டும். அவ்வேலையை ஒரு குலத்தார் தலையிலேயே கட்டின் யாம் கூறியதனைத்தும் வீண். தக்க கூலியும் கையுறையும் கொடுத்து, எல்லாத் தெருவினரையும் முறைவைத்துச் செய்வித்தல் வேண்டும்.

பணம் இல்லை என்பார் உளர். பதினைந்தாம் நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்குரிய மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர்க்கும் துப்புரவுக்குமென்றே வரையறுக்கப்பட்டது. அதில் எவ்வளவு கழிநீருக்குச் சென்றது என வினவும் உரிமை ஊரார்க்கு உண்டு. தமிழ்நாட்டில் கிராம சபைக்குரிய நாட்களுள் உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22-உம் ஒன்று. குழாய் எங்கே என்று கேட்கும் குரல்கள் அன்று பல எழும். குழாய்நீர் போம் வழி எங்கே என்னும் குரல் கீழைத்தெருவிலிருந்து எழுமாயின், ஊரிலிருக்கும் நம் மாணவர் அதனருகே நின்று தாமும் உரத்துக் கேட்பாராக.