அழைக்கும் பெயரும் எழுதும் பெயரும்

காஞ்சிபுரத்தை அடுத்த எங்கள் புள்ளலூருக்கு இரண்டு பெயர்கள். ஊரார் வாயில் அது புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலி, திப்புவின் படைகள் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை இங்கே நொறுக்கிய கதையை எழுதிய ஆங்கிலேயரின் ஏட்டில் அது 'பொல்லிலூர்'. உலகம் அறிந்தது ஏட்டுப் பெயரை. அந்தப் பெயரைச் சொல்லி இங்கே வழி கேட்டால் விழிப்பார்கள். ஊருக்கு இப்படி நேர்ந்தால் வரலாற்று மாணவர்களுக்கு மட்டுமே சிரமம். குழந்தைக்கு நேர்ந்தால்?

நேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வீட்டில் மூன்றாண்டுகள் அம்முவாக, சின்னுவாக வளர்ந்த குழந்தை பள்ளிக்குப் போகிறது. ஆசிரியை பதிவேட்டைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைக்கிறார். குழந்தை திரும்பிப் பார்ப்பதில்லை. அப்பெயரால் அதை எவரும் அழைத்ததே இல்லையே!

ஆகவே, செல்லப் பெயரை முதலில் முடிவுசெய்துவிட்டு அதற்குப் பொருந்தும் முழுப் பெயரைத் தேடும் இளம் பெற்றோரைக் கண்டு பெரியவர்கள் நகைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. லாடம் கிடைத்ததென்று குதிரை வாங்குவதா என்கிறார்கள். லாடமும் குதிரையும் அல்ல இது. குழந்தை முதலில் அறிவது தன்னை அழைக்கும் ஒலியைத்தான். ஏட்டுப் பெயர் அதற்குப் பிற்பாடுதான் தெரியவருகிறது.

நம் மரபிலும் செல்லப் பெயர் வெறும் கொஞ்சல் அன்று. பாட்டனின் பெயரைத் தாங்குவதால்தான் அவன் பெயரன், பேச்சு வழக்கில் பேரன். ஆனால் மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளையையே பெயர் சொல்லி அழைக்க முடியாத தாய் என்ன செய்வாள்? ராசா என்பாள், துரை என்பாள், பெரியவனே என்பாள். மரியாதை ஒரு பெயரை வாயில் வராமல் தடுத்தது. அன்பு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தது.

இவ்விரண்டையும் ஒன்றாக்கிய பெயர் ஒன்றை நாம் எல்லோரும் அறிவோம். 1903 ஜூலை 15 அன்று விருதுபட்டியில் பிறந்த குழந்தைக்குக் குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயரிட்டார்கள். தாய் சிவகாமியோ ராஜா என்றே அழைத்தார். காமாட்சியும் ராஜாவும் கூடிக் காமராஜ் ஆனது. தெய்வத்தின் பெயரும் விட்டுப்போகவில்லை, தாயின் அழைப்பும் விட்டுப்போகவில்லை. பெயர்ப் புத்தகம் எதிலும் தேடி எடுத்ததன்று அது. வீட்டில் புழங்கியதிலிருந்தே செய்தது. இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

தமிழில் இது எளிதும்கூட. 'மணி' என்று அழைக்க ஆசையா? முன்னே வைத்தால் மணிமேகலை, மணிவண்ணன். பின்னே வைத்தால் கண்மணி. சுப்பிரமணியனுக்குள்ளேயே ஒரு மணி இருக்கிறது. அம்முவுக்கு அமுதவல்லி, கண்ணுவுக்குக் கண்ணம்மா. கோபாலகிருஷ்ணன் போன்ற பழைய நெடும்பெயர்களைக் கேலி செய்கிறோம். ஆனால் அதிலிருந்து ஒருவர் கோபு என்று எடுத்துக்கொண்டார், இன்னொருவர் கிச்சா என்று எடுத்துக்கொண்டார். இன்றைய ஈரசைப் பெயர்களில் வெட்டி எடுக்க என்ன இருக்கிறது?

செல்லப் பெயரையே பதிவேட்டிலும் எழுதிவிட்டால் என்ன, நாற்பது வயதில் நகைப்பார்களே என்கிறீர்களா? எங்கள் பக்கத்துப் பாட்டிமார் பாப்பம்மாளாக, குழந்தையம்மாளாக எண்பது வயது வரை வாழ்ந்தார்கள், எவரும் நகைக்கவில்லை. (அந்த 'அம்மாள்' எவ்வளவு நயமான ஒட்டு! பாப்பாவோடு கூடவே அதுவும் வளர்ந்துவிடுகிறது.) மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளை அந்தப் பெயரோடுதான் 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆயினும் எனக்குப் பிடித்தது காமராஜ் வழியே. வளர்ந்தபின் செல்லப் பெயரைக் கழற்றி வைக்க விரும்பும் பிள்ளைக்கு எஞ்சிய பாதியாவது இருக்க வேண்டும்.

கணித மேதை ராமானுஜன் வீட்டில் சின்னசாமி, எம்.எஸ். சுப்புலட்சுமி வீட்டில் குஞ்சம்மா. ஒட்டாத பெயர்களோடு அவர்கள் குறைந்தா போனார்கள் என்று கேட்கலாம். குறையவில்லை. ஆனால் அன்று ஏட்டுக்கு இத்தனை அதிகாரம் இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று பிறப்புச் சான்றிதழே. அதில் ஏறிய பெயரை மாற்ற அலைவதென்றால் அது தனிப் பிழைப்பு.

இதை அறிந்தும் பலர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்குள் எண் கணிதக்காரர் சொன்ன எழுத்தில் ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அத்தனை அவசரம் தேவையே இல்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும், அவ்வளவுதான். பெயர் இல்லாமலும் பதியலாம். 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரையிலும் சேர்க்கலாம். அந்த முதல் ஓராண்டைப் பயன்படுத்துங்கள் என்பதே என் கட்சி. பாட்டி என்ன சொல்லிக் கொஞ்சுகிறாள், அக்காளின் மழலையில் எது நிற்கிறது, எதைச் சொன்னால் குழந்தை தலையைத் திருப்புகிறது என்று கேட்டுக்கொண்டிருங்கள். ஏழெட்டு மாதத்தில் ஒன்று தானாகவே நிலைத்துவிடும். அதை உள்ளே வைத்து ஒரு பெயரைக் கட்டி எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போகலாம்.