உடையும் ஓர் உரையே

நாடகத்துக்கு உயிர் சொல்லா, காட்சியா? இவ்வினாவின் பொருட்டு ஆங்கில நாட்டில் இருவர் பகைவராயினர். ஒருவர் புலவர் பென் ஜோன்சன். மற்றவர் உடையும் அரங்கும் வகுத்த இனிகோ ஜோன்ஸ். தமிழ் கற்பிக்கும் நான் புலவர் பக்கமே நிற்பேன் என அன்பர்கள் எண்ணக்கூடும். என் தீர்ப்பு வேறு.

1573 இல் இலண்டனில் துணித்தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்த இனிகோ, இத்தாலி சென்று கலை பயின்றவர். 1605 முதல் 1640 வரை அரசவையில் நிகழ்ந்த ‘மாஸ்க்’ என்னும் ஆடல் விழாக்கள் பலவற்றுக்கு உடை, திரை, பொறி, ஒளி யாவும் வகுத்தார். அரசியும் பிரபுக்களுமே வேடம் பூண்டு ஆடிய அவ்விழாக்கள் பெரும்பாலும் ஓரிரவோடு முடிந்தன. அவற்றுட் பலவற்றுக்குப் பாட்டும் உரையும் யாத்தவர் ஜோன்சன். 1631 அளவில் அச்சான நூலொன்றின் முகப்பில் புலவர் தம் பெயரை முன்னும் இனிகோவின் பெயரைப் பின்னும் இட்டார். பிணக்கு முற்றியது. புலவர் வசைப்பாட்டு இயற்றினார்; அரசவை விழாக்களுக்கு எழுதும் வாய்ப்பை இழந்தார்.

புலவரின் அச்சம் முற்றும் பிழையன்று. மூலத்தை மறைக்கும் உரை உண்டு. நாடகத்தை மறைக்கும் பகட்டுடையும் உண்டு. ஆயினும் நல்லுடை நல்லுரையே. பாத்திரத்தின் நிலையையும் குணத்தையும் முதற்சொல் பிறக்குமுன்னரே அது விளக்கிவிடும். நூலை நுணுகிக் கல்லாதவர் அவ்வுரை வகுத்தல் இயலாது. அரங்கேற்று காதையில் அரங்கின் அளவையும் மூவகை எழினியையும் விரித்துரைத்த இளங்கோவடிகள், காட்சிக்கலையைப் புலமைக்குப் புறம்பாக எண்ணினாரல்லர்.

சொல் ஏட்டில் வாழும்; உடை மேடையோடு மறையும். இனிகோவின் விழாக்கலை இன்றும் அறியப்படுவது, அவர் வரைந்த மாதிரிச் சித்திரங்கள் நானூற்றுக்கு மேற்பட்டவை பேணப்பட்டமையாலாகும். அவற்றுட் பெரும்பகுதி சற்ஸ்வேத் மாளிகையில் உள்ளது. அவை அழிந்திருப்பின், 1622 இல் நிறைவுற்ற வைற்ஹோல் விருந்து மண்டபத்தைக் கட்டியவர் என்றே அவரை உலகம் பெரிதும் அறிந்திருக்கும்.

நம் பாடசாலை விழா அழைப்பிதழ்களில் நாடகம் எழுதியவர் பெயரும் நெறிப்படுத்தியவர் பெயரும் உள. உடையமைத்தவரோ பல வேளை நன்றியுரையில் ஒரு சொல்லாய் ஒடுங்கிவிடுகின்றார். ஆசிரியர்களே, அவர் பெயரையும் அச்சிடுங்கள். மாணவர் வரைந்த உடைச் சித்திரங்களை விழா முடிந்ததும் எறிந்துவிடாது, நாடகப் பிரதியோடு சேர்த்துக் கட்டி நூலகத்தில் வையுங்கள். மூலத்தை மட்டும் காத்து உரையை இழந்தோம் என்ற பழி நமக்கு வேண்டாம்.