அரும்பு என்று குறித்துவிட்டால் போதுமா?

செஞ்சி அருகே உள்ள மேல்சித்தாமூர், சமண மடத்தால் பெயர் பெற்ற ஊர். சமணத் துறவிகள் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். அங்கே பாடமும் சொல்லிக் கொடுத்ததால் கல்விக்கூடத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது என்பார்கள். இந்தப் பக்கத்து ஆசிரியன் என்ற முறையில் இன்றைய பள்ளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

2022-ல் தமிழக அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பைச் சரிசெய்வதே நோக்கம். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துப் பாடம் நடத்தச் சொன்னார்கள். இதை நான் எதிர்க்கவில்லை. யாருக்கு எழுத்து தெரியவில்லை என்று அறியாமல் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

ஆனால், அரும்பு நிலையில் இருப்பவர்கள் யார்? நான் பார்த்தவரை, அதிகம் பேர் எங்கள் தெருப் பிள்ளைகளும் இருளர் பிள்ளைகளும்தான். கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போகும் பெற்றோருடன் போய், மாதக்கணக்கில் பாடத்தை இழந்தவர்கள். செயலியில் மதிப்பெண் ஏறுகிறது. பிள்ளை ஏன் வரவில்லை என்ற காரணம் ஏறுவதில்லை. கடைசியில் “அவனுக்கு அவ்வளவுதான் வரும்” என்ற பேச்சுக்கு அந்த எண்ணே சாட்சியாகிவிடுகிறது. சாதி சொல்லி ஒதுக்கியது போய், மதிப்பெண் சொல்லி ஒதுக்குவது வந்தால் அது முன்னேற்றமா?

குழுமூர் அனிதாவை மறக்க முடியுமா? மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017-ல் பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1176 எடுத்தார். நீட் தேர்வில் கிடைத்தது 86. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பை ஒரே நாள் தேர்வு இல்லாமல் செய்தது. அதே பெண், அதே அறிவு, அளவுகோல்தான் வேறு.

மருத்துவர் காய்ச்சலை அளப்பது மருந்து கொடுக்கத்தான். நோயாளியை வெளியே அனுப்ப அல்ல. மதிப்பெண் குறைந்தால் ஆசிரியர் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போக வேண்டும். அதிகாரிகளும் “எத்தனை சதவீதம்?” என்று மட்டும் கேட்காமல், “எந்தப் பிள்ளை, என்ன காரணம், என்ன செய்தீர்கள்?” என்று கேட்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கு உரியது. கூலி வேலை இருந்தாலும் அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். “என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள்? மூன்று மாதத்தில் என்ன மாறியது?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது பிள்ளை அல்ல, நாங்கள்தான்.