ஊருணிச் செம்புழு

விலங்கியல் பயிலும் மாணவர்க்குப் பாம்பனை அடுத்த குருசடைத் தீவு நெடுங்காலமாக ஒரு யாத்திரைத் தலம் போன்றது. அதன் கரைவாழ் உயிர்களைப் பற்றிச் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலை 1927-இல் தனி நூலே வெளியிட்டது. அத்தீவின் பெருமையை நாம் குறைத்துக் கூறோம். ஆயினும், அங்குச் செல்லும் வழியிலுள்ள இராமநாதபுரம் சீமையின் கண்மாய்களையும் ஊருணிகளையும் ஏறிட்டும் பாராது போவது, வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதை ஒக்கும் என்பதே நம் கருத்து.

இத்தகைய நீர்நிலைகளின் சேற்றில் வாழ்வது கைரோனோமஸ் என்னும் செம்புழு. கொசுவைப்போல் தோன்றியும் கடியாத ஒரு சிறு பூச்சியின் இளம்பருவம் அது. அதன் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் செந்நிறம் தருவதோடு, பிராணவாயு அருகிய சேற்றிலும் உயிர்தாங்க உதவுகிறது. தன் உமிழ்நீரை இழையாக்கிச் சேற்றைக் குழல்போற் கட்டி, அதனுள் அது உறைகின்றது.

அவ்வுமிழ்நீர்ச் சுரப்பியிலேதான் அதிசயம் இருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் பால்பியானி 1881-இல் அங்குக் கண்ட குரோமோசோம்கள், குறுக்கே வரியிட்ட தடித்த வடங்கள் போன்றவை. இழைகள் பன்முறை இரட்டித்தும் பிரியாது ஒருங்கே கிடப்பதால், கல்லூரியின் சாதாரண நுண்பெருக்கியிலும் அவை தெளிவாகத் தோன்றும். அவற்றில் வளையம்போற் பருத்த இடங்கள் பால்பியானி வளையங்கள் எனப்படும். இழைக்குரிய புரதங்களை ஆக்கும் கட்டளை பிறப்பது அங்கேயே. புழு தன் வீட்டைக் கட்டும் திறத்தின் மூலத்தையே நாம் கண்ணாற் காண்கிறோம்!

புறத்தோற்றத்திற் பல இனங்கள் ஒன்றுபோலவே இருக்கும். தலையின் அடிப்புறத்துப் பல்வரிசையும், வால்புறத்துச் சிறு குழல்களும் ஓரளவு வேற்றுமை காட்டும். எஞ்சிய ஐயத்தைக் குரோமோசோம் வரிகளின் ஒழுங்கு தீர்க்கும். அன்றியும், நச்சுக்கழிவு சேர்ந்த சேற்றில் அப்பற்கள் உருத்திரிவதைப் பிறநாட்டு ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆகவே, இப்புழு நீரின் நலத்துக்கு ஒரு சாட்சியுமாம்.

குருசடை 1986 முதல் தேசியப் பூங்காவின் பகுதி. அனுமதியின்றி அங்கு எவ்வுயிரையும் எடுத்தல் கூடாது. அதுவே முறை. ஊருணிச் சேற்றிலோ, ஊரார் இசைவு ஒன்றே போதும். சிறு வலை, இரண்டு ஊசி, சிறிது சாயம், நிறைந்த பொறுமை ஆகிய இவற்றுக்குமேற் செலவும் இல்லை.

மழை பொய்க்கும் இச்சீமையில் ஊருணி என்பது வெறும் அழகுக்கன்று. மக்களின் தாகம் தீர்க்க வெட்டியது. அதனுள் யாது வாழ்கிறதென அறியாமலே அதைத் தூர்ந்துபோக விடலாமோ? ஆண்டுதோறும் மழைக்குப்பின் ஒரு வகுப்பினர் ஓர் ஊருணியைத் தேர்ந்து, அதன் புழுக்களின் பல்வரிசையையும் குரோமோசோம்களையும் வரைந்து, அக்குறிப்பேட்டை அடுத்த வகுப்பினரிடம் ஒப்படைப்பாராக. பத்தாண்டு சென்றபின் அவ்வூருணி கெட்டதா, தேறியதா என்று உரைக்கும் ஆதாரம் நம் கல்லூரியில் இருக்கும். ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை ஆழ்ந்து சிந்திப்பார்களாக.