எண்ணை நம்பலாமா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பயணப் பையொன்று வாங்கப் புகுந்தால், அருகிலேயே சிறு எண் பூட்டுகளும் தொங்கக் காண்கின்றோம். சாவி தொலையும் என்ற அச்சமில்லை. ஆதலின் விடுதி மாணவரும், நகையுடன் ஊருக்குப் புறப்படும் குடும்பத்தாரும் அதனையே நாடுகின்றனர்.

மூன்று சக்கரப் பூட்டுக்கு உள்ளவை 1,000 எண்களே. நொடிக்கு ஒன்றாகத் திருப்பினும் 17 நிமிடத்துக்குள் அனைத்தும் தீரும். கள்வனுக்கு அந்தப் பொறுமையும் வேண்டியதில்லை. வளைகம்பியை இழுத்துப் பிடித்துச் சக்கரங்களை மெல்ல உருட்டினால், பாகங்கள் செவ்வனே பொருந்தாத பூட்டில் உரிய எண் வருமிடம் விரலுக்குப் புலப்பட்டுவிடும்.

எண்ணிக்கை பெருகினால் காவலும் பெருகுமா? அமெரிக்காவின் மாஸ்டர் நிறுவனத்து வட்டமுகப் பூட்டுக்குக் கணக்கின்படி 64,000 சேர்க்கைகள். 2015இல் சாமி கம்கார் என்பவர், அதன் உறுப்புகள் தடைப்படும் இடங்களை விரலால் அறிந்து, 8 முயற்சிகளுக்குள் திறக்கும் வழியை வெளியிட்டார்!

பழைய பித்தளைப் பூட்டின் கனம் இன்றைய மலிவுப் பூட்டுகளில் இல்லை. பலவும் துத்தநாகக் கலவையே. கடைக்காரர் முகஞ்சுளித்தாலும், கம்பியை இழுத்துச் சக்கரங்களை உருட்டிப் பார்த்தே வாங்குவோம். ஆட்டங்கண்டால் அங்கேயே வைத்துவிடுவோம். நகையும் கடவுச்சீட்டும் எப்படியும் கைப்பையிலேயே வரட்டும்.