பிட்டுவுக்குக் கொஞ்சம் டைம் குடுங்க!

செமஸ்டர் லீவு விட்டாலும் விட்டாங்க, எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மூணு பேர் ஒரே கேள்வியைக் கேட்டாச்சு. ‘‘வீட்டுல சும்மாதானே இருக்கப் போறோம்... ஒரு நாய் எடுத்து வளர்க்கலாமா?’’

தாராளமா வளர்க்கலாம் மக்களே! ஆனா, அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஒதுக்கி என் கதையைக் கேளுங்க. கதையில் ரெண்டு நாய் வருது. ஒண்ணு பேரு பன்னு. இன்னொண்ணு பேரு பிட்டு.

முதல்ல பன்னு. நான் ஃபர்ஸ்ட் இயர் படிச்சப்போ ஒரு மழை நாள். பஸ் ஸ்டாப் பரோட்டா கடை அடுப்புக்குப் பக்கத்துல சுருண்டு கிடந்துச்சு குட்டி. காலேஜ் பேக்ல போட்டுத் தூக்கிட்டு வந்துட்டேன். அன்னிக்கு ராத்திரியே ஷாம்பு குளியல், ஒரு கிண்ணம் பால். மறுநாள் தெரு முழுக்க ஊர்வலம். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மடி மாத்தி மடி வெச்சுக்கிட்டு போட்டோ எடுத்தாங்க. டாக்டர்கிட்டே? ‘அடுத்த வாரம் டெஸ்ட் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போகலாம்’னு விட்டுட்டேன்.

அஞ்சாம் நாள் வாந்தி. ஆறாம் நாள் ரத்தமா கழிஞ்சுது. அப்பத்தான் ஓடினேன். டாக்டர் ‘பார்வோ’ன்னு ஒரு வார்த்தை சொன்னார். ரெண்டு நாள் ட்ரிப்ஸ் ஏறுச்சு. மூணாம் நாள் காலையில பன்னு இல்லை.

‘‘எங்கேருந்து தொத்துச்சுன்னு சொல்ல முடியாதும்மா. வரும்போதே இருந்திருக்கலாம். ஆனா, முதல் நாளே கூட்டிட்டு வந்திருந்தா...’’ன்னு டாக்டர் பாதியிலேயே நிறுத்திட்டார். அந்தப் பாதி வாக்கியம் ரெண்டு வருஷமா எனக்குள்ளேயே இருக்கு.

பார்வோங்கிறது ஒரு வைரஸ். நோய் வந்த நாயோட மலத்துல வெளியே வந்து, மண்ணுல மாசக் கணக்கா உயிரோட இருக்கும். நம்ம செருப்பு வழியாகூட வீட்டுக்குள்ள வந்துடும். குட்டிகளுக்குத்தான் இது எமன். ஆறுலேருந்து எட்டு வார வயசுல முதல் தடுப்பூசி போடணும். அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவைன்னு 16 வாரம் ஆகுற வரைக்கும் போடணும். ஒரே ஊசியைப் ஏன் திரும்பத் திரும்பப் போடுறாங்கன்னு கேட்டா, அதுக்குக் காரணம் இருக்கு. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி குட்டி உடம்புல இருக்குற வரைக்கும் தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது எப்போ குறையும்னு குட்டிக்குக் குட்டி மாறும். அதனாலதான் விடாம போடுறாங்க. அந்த கோர்ஸ் முடியுற வரைக்கும் தெரு மண்ணுல குட்டியை இறக்கி விடாதீங்க. ஊர்வலம் கண்டிப்பா வேண்டாம். ரேபிஸ் ஊசி மூணு மாச வயசுல.

பன்னு போனதுக்கு அப்புறம் எங்க வீட்டுல அம்மா ஒரே வரியில சட்டம் போட்டாங்க. ‘‘இனிமே இந்த வீட்டுல நாய்ங்கிற பேச்சே கூடாது.’’

அந்தச் சட்டத்தைத் திருத்த எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த வருஷம் வந்தான் பிட்டு. ரோட்டுல அடிபட்டுக் கிடந்த நாட்டு நாய். ஒரு வாலன்டியர் அக்கா தூக்கிட்டுப் போய் கால் கட்டு போட்டு, சரியாகுற வரைக்கும் வெச்சிருந்தாங்க. பல்லைப் பார்த்து ‘ஒண்ணரை வயசு இருக்கும்’னாங்க. குட்டிதான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்க கவனிங்க, வளர்ந்த நாயும் நம்ம கையில மாட்டின அருமையான பிட்டுதான்!

இந்தத் தடவை வண்டி நேரா வீட்டுக்குப் போகலை. வேப்பேரிக்குப் போச்சு. 1903-லேருந்து இருக்குற மெட்ராஸ் வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா எடை பார்த்தாங்க, ஈறு வெளுத்திருக்கான்னு பார்த்தாங்க, டெம்பரேச்சர் எடுத்தாங்க. 102 டிகிரி. நான் பதறிட்டேன். ‘‘நாய்க்கு 101-லேருந்து 102.5 வரைக்கும் நார்மல்தான்மா’’ன்னு சிரிச்சாங்க. தயவுசெஞ்சு நோட் பண்ணிக்கோங்க. உடம்பு சுடுதுன்னு நம்ம வீட்டு பாரசிட்டமாலை நாய்க்குக் குடுத்துடாதீங்க. அது விஷமாகிடும்.

காதுக்குள்ள கொத்துக் கொத்தா உண்ணி. உண்ணி ரத்தம் மட்டும் குடிக்கிறது இல்லை, காய்ச்சலையும் பரப்பும். அதனால ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தாங்க. எடைக்கு ஏத்த மாதிரி உண்ணி மருந்து குடுத்தாங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்ற மண்ணெண்ணெய் வைத்தியம் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துடும், நக்கினா வயித்துக்குள்ளேயும் போயிடும். பூச்சி மாத்திரை அன்னிக்கு ஒண்ணு, அதுக்கப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை. இதுக்கு முன்னாடி ஊசி போட்டிருக்காங்களான்னு தெரியாததால, ரேபிஸ் ஒண்ணு, பார்வோ எல்லாம் சேர்ந்த கூட்டு ஊசி ஒண்ணு. கூட்டு ஊசியோட ரெண்டாவது டோஸ் நாலு வாரம் கழிச்சு. உடம்பு தேறினதும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். இதையெல்லாம் எழுதி வைக்க ஒரு ரெக்கார்டு நோட்டே போட்டுட்டேன். அளவு, தேதி, ரிசல்ட்... என் லேப் ரெக்கார்டுகூட இவ்வளவு நீட்டா இருக்காது!

ஆனா, பிட்டு வீட்டுக்குள்ள வந்ததும் நேரா கட்டிலுக்கு அடியில போயிட்டான். வெளியே வரவே இல்லை. சாப்பாடும் தொடலை.

நாய் வளர்க்கிறவங்க மூணு-மூணு-மூணுன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. புது வீட்டுல பயம் குறைய மூணு நாள், பழக்கவழக்கம் பிடிபட மூணு வாரம், ‘இது என் வீடு’ன்னு நம்ப மூணு மாசம். எல்லா நாய்க்கும் அச்சு அசலா பொருந்தாது, சும்மா ஒரு உத்தேசக் கணக்கு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல செட்லிங் டைம்னு படிச்சோமே, அதேதான். திடீர்னு ஒரு இன்புட் குடுத்தா சிஸ்டம் ஆடி அடங்க நேரம் எடுக்கும். அது ஆடும்போது நாம போய் தட்டிக்கிட்டே இருந்தா அடங்கவே அடங்காது.

படிச்சது பேப்பர்ல இருக்கு, மூளையில இல்லை. ரெண்டாம் நாள் நான் கட்டிலுக்கு அடியில கையை நீட்டினேன். டக்குனு ஒரு கடி. சுண்டு விரல்ல ரத்தம்.

வலியைவிட பயம்தான் அதிகம். அம்மாவுக்குத் தெரிஞ்சா பிட்டு அன்னிக்கே வெளியே. ஒரு பேண்டேஜைச் சுத்திட்டு ‘கத்தி பட்டுடுச்சு’ன்னு சொல்லிடலாமான்னு நிஜமாவே யோசிச்சேன். பாத்ரூம்ல சோப்பு போட்டு, குழாய்த் தண்ணியில 15 நிமிஷம் விரலைக் காட்டிக்கிட்டு நின்னேனே, அந்த 15 நிமிஷமும் இதே யோசனைதான்.

கடைசியில சொல்லிட்டேன். ஏன்னா, ரேபிஸ் அறிகுறி வந்துட்டா பிழைக்கிறது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஆனா, கடிச்ச உடனே ஊசி போட்டா தடுத்துடலாம். பாஸ்டர் 1885-ல ஒரு பையனுக்கு முதல் ஊசி போட்டார். நம்ம குன்னூர்லேயே 1907-லேருந்து பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கு. இவ்வளவு வருஷம் கழிச்சு ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் பயந்துக்கிட்டு மறைச்சா அசிங்கம் இல்லையா? ரெண்டு நாள் முன்னாடிதான் அவனுக்கு ஊசி போட்டோமேன்னும் விட முடியாது. அது அதுக்குள்ள வேலை செஞ்சிருக்காது.

அம்மா திட்டிக்கிட்டே ஆட்டோ பிடிச்சாங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில இலவசமாவே போட்டாங்க. ரத்தம் வந்ததால காயத்தைச் சுத்தி ஒரு மருந்து. தடுப்பூசி அன்னிக்கு ஒண்ணு, அப்புறம் 3, 7, 28-ம் நாள். கடிச்ச நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொன்னாங்க. அதனால பிட்டுவுக்குப் பத்து நாள் ஜாமீன்!

அந்தப் பத்து நாளும் நான் அவனைக் கூப்பிடலை, தொடலை, எட்டியும் பார்க்கலை. நேரத்துக்குச் சோறு, தண்ணி. முன்னாடி அந்த அக்கா வீட்டுல சாப்பிட்ட அதே கோழிச் சோறு. சாப்பாட்டை மாத்தணும்னா ஒரு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும், இல்லைன்னா வயித்தைக் கலக்கிடும். வெங்காயம், சாக்லேட், திராட்சை, வேகவெச்ச கோழி எலும்பு எல்லாத்துக்கும் தடா. குளியலும் தள்ளி வெச்சாச்சு.

ஒன்பதாம் நாள் சாயங்காலம். அம்மா ஹால்ல தரையில உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கிட்டே அவரைக்காய் நறுக்கிட்டு இருந்தாங்க. பிட்டு கட்டிலுக்கு அடியிலேருந்து மெதுவா வந்தான். முறத்தை மோந்து பார்த்தான். அம்மா புடவை ஓரத்துல தலையை வெச்சுப் படுத்துட்டான். அம்மா கத்தியை நிறுத்தலை, அவனைத் திரும்பியும் பார்க்கலை.

‘‘நான் ஒண்ணும் கூப்பிடலை. அதுவா வந்துச்சு’’ன்னாங்க.

அவ்வளவுதான் மக்களே விஷயம். டாக்டர்கிட்டே முதல் நாளே ஓடுங்க. மத்த எல்லாத்துக்கும் காத்திருங்க. பன்னு விஷயத்துல நான் இதை அப்படியே தலைகீழா பண்ணினேன்.

எங்க வீட்டு தினசரி காலண்டர்ல அம்மா கையெழுத்துல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குறிப்பு இருக்கு. ஒரு தாள்ல ‘பிட்டு - ரெண்டாவது ஊசி’. ரெண்டு தாள் தள்ளி ‘இவளுக்கு - கடைசி ஊசி’. அவன் சமர்த்தா போட்டுக்கிட்டான். நான்தான் கத்தினேன்!