வெல்டருக்கு மட்டும் சொல்லாத ரகசியம்

"வெல்டர் சரியில்லைங்க."

எங்க தொழில்ல எது உடைஞ்சாலும் முதல்ல வர்ற வசனம் இதுதான். திருச்சிப் பக்கம் பட்டறைகள்ல வெல்டிங் சோதனை பார்க்கிறவன் நான். நானும் எத்தனையோ தடவை இதைச் சொல்லியிருக்கேன். இந்தப் பதிவை அதுக்குப் பிராயச்சித்தம்னு வெச்சுக்கோங்க மக்களே.

கட்டுக்கம்பியைக் கையால இழுத்து அறுக்க முடியாது. ஆனா இப்படியும் அப்படியும் வளைச்சுக்கிட்டே இருந்தா பொட்டுனு போயிடும். இதான் ஃபேட்டிக். பாலம், கிரேன், ரயில்பெட்டி எல்லாத்துலயும் சுமை ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். வெல்ட் முடிஞ்சு தகடு தொடங்குற ஓரத்துலதான் பெரும்பாலும் விரிசல் பிறக்கும். 'உசத்தி இரும்பா போட்டுட்டா சரியாகிடும்'னு நினைச்சா ஏமாந்தோம். பத்தவெச்சு அப்படியே விட்ட மூட்டுல உசத்தி இரும்புக்கும் சாதா இரும்புக்கும் ஃபேட்டிக் பலம் ஏறக்குறைய ஒண்ணுதான்.

இதையெல்லாம் எந்த நாடும் தனியா கண்டுபிடிக்கலை. 1948ல 13 நாடுகள் சேர்ந்து தொடங்கினதுதான் சர்வதேச வெல்டிங் நிறுவனம். பல நாட்டு ஆய்வுக்கூடங்கள்ல உடைச்சுப் பார்த்த மூட்டுகளோட கணக்கை ஒண்ணு சேர்த்து, எந்த வகை மூட்டு 20 லட்சம் சுற்றுக்கு எவ்வளவு தாங்கும்னு வகைப்படுத்திக் கொடுத்திருக்காங்க. வெல்ட் ஓரத்தை முறையா கிரைண்ட் பண்ணினா பலம் 1.3 மடங்கு ஆகும்னும் சொல்றாங்க. ஆயுள் கணக்குல அது ரெண்டு மடங்குக்கு மேல! கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலைதான்.

என் கோபமே வேற. இந்த அறிவு டிசைன் இன்ஜினியர் மேசை வரைக்கும் வந்துட்டு, அங்கேயே உட்கார்ந்துடுது. வெல்ட் ஓரத்தை உருவாக்குற கைக்குப் போய்ச் சேரறதில்லை.

1980 மார்ச் 27 அன்னிக்கு வட கடல்ல 'அலெக்சாண்டர் கீலண்ட்' மிதவை மேடை கவிழ்ந்துச்சு. இருந்த 212 பேர்ல 123 பேர் செத்துப்போனாங்க. காரணம்? கடலுக்கடியில ஒலி கேட்கும் கருவியைப் பொருத்த, ஒரு தாங்குகுழாய்ல பத்தவெச்ச சின்னத் துண்டு. 6 மில்லிமீட்டர் வெல்ட். விரிசலுக்குள்ள பெயிண்ட் இருந்துச்சு. அதாவது பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே விரிசல் விட்டிருக்கு. மோசமான வெல்ட்தான், மறுக்கலை. ஆனா அதைச் சில்லறை வேலைன்னு நினைச்சது வெல்டர் மட்டுமா?

சரி, இப்ப நிலைமை என்ன? உலகம் முழுக்க வெல்டர் தேர்வுக்குப் பயன்படுற ஐ.எஸ்.ஓ. 9606-1ஐப் பாருங்க. தகட்டைப் பத்தவைக்கணும், அதை வளைச்சும் எக்ஸ்ரே எடுத்தும் பார்ப்பாங்க. தொழிலறிவுத் தேர்வு மட்டும் 'பரிந்துரை'. கட்டாயமில்லை! கை சரியா இருந்தா போதும், தலை எதுக்குங்கிற மாதிரி இல்ல? சர்வதேச நிறுவனத்தோட சொந்த வெல்டர் பட்டயத்துல பாடமும் உண்டுதான். ஆனா நம்ம பட்டறைக்கு வர்றவங்கள்ல எத்தனை பேர்கிட்ட அது இருக்கு?

"அவங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க"ன்னு சில மேதாவிகள் சொல்வாங்க. வளைகுடாவுல பல வருஷம் பார்த்துட்டு வந்த ஒரு அண்ணன்கிட்ட, ஓரத்தைக் கிரைண்ட் பண்ணச் சொன்னேன். "டெஸ்ட்ல பாஸான வெல்ட் தம்பி, எதுக்கு?"ன்னார். "டிராயிங்ல இருக்கு, செய்ங்க"ன்னுட்டேன். திமிர்தான். மறுநாள் மனசு கேக்கலை. கட்டுக்கம்பி கதையைச் சொன்னேன், சாக்பீஸ்ல தரையில படமும் போட்டேன். மொத்தம் பத்து நிமிஷம். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "இத்தனை வருஷத்துல ஒருத்தன் சொல்லலையே தம்பி. எத்தனை இடத்துல அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன்…"ன்னார். எனக்கு மூஞ்சியைத் தூக்கிப் பார்க்க முடியலை.

திருச்சியிலயே 1975லேர்ந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. 2011ல சர்வதேச நிறுவனத்தோட ஆண்டுக் கூட்டமே சென்னையில நடந்துச்சு. கூட்டம் போடுறதுல குறையில்லை. தொழிலறிவுத் தேர்வைக் கட்டாயமாக்குங்க, அதுல ஃபேட்டிக்கைச் சேருங்க, வெல்டர் பேசுற பாஷையில நடத்துங்க. அதுக்கப்புறம் சொல்லுங்க, "வெல்டர் சரியில்லை"ன்னு.

டிஸ்கி: இன்ஜினியர் நண்பர்கள் பின்னூட்டத்துல தாராளமா திட்டலாம். அதுக்கு முன்னாடி உங்க வெல்டர்கிட்ட பத்து நிமிஷம் பேசிட்டு வாங்க.